அக்காவுக்கு பயாப்சி எடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். அக்காவுக்கு 52 வயது. சாதாரண மேமோகிராமிலும் (மார்பக எக்ஸ்ரே) அல்ட்ராசவுண்டிலும் ஒன்றும் பிடிபடவில்லை. கையில் ஊசி வழியாக அயோடின் மருந்து ஏற்றி எடுத்த கான்ட்ராஸ்ட் மேமோகிராமில்தான் இடது மார்பில் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. சதை எடுத்துப் பார்த்தே ஆகணும் என்கிறார் டாக்டர்.

சிக்கல் இங்கேதான். அல்ட்ராசவுண்டில் தெரியாததை அதை வைத்துக் குத்தி எடுக்க முடியாது. எம்ஆர்ஐ பார்த்து எடுக்கலாம் என்றால் அக்காவுக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பழைய பேஸ்மேக்கர் இருக்கிறது, அதனால் அதுவும் முடியாது. மிச்சம் இருப்பது, கான்ட்ராஸ்ட் மேமோகிராமையே வழிகாட்டியாக வைத்து எடுக்கும் பயாப்சி. மருந்து ஏறி 2 நிமிடம் கழித்துப் படமெடுத்து, புள்ளி மங்குவதற்குள் இடத்தைக் குறித்து ஊசியைச் செலுத்துவார்களாம்.

ஜிப்மரிலோ புதுச்சேரியில் வேறெங்காவதோ இதைச் செய்கிறார்களா? இல்லை, சென்னைக்குத்தான் போகணுமா? செய்துகொண்டவர்கள் இருந்தால், மார்பை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்திருந்தார்கள், வலி தாங்க முடிந்ததா என்று சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள், சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின் 0.9. மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா?

மூன்று நாளாக ஸ்கேன் கவரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறாள். இன்றைக்கே பதில் கிடைத்தால் நாளைக் காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவோம்.