நான்கில் ஒரு பங்கு எஸ்.இ.5ஏ: வலது கீழ் இறக்கை 7 மி.மீ. முறுக்கிக்கொண்டது, துணியைப் பிரிக்கணுமா?

பேட்டர்ன்காரன்_கோவை

வணக்கம். கோயம்புத்தூரில் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்து கொடுப்பவன் நான். இருபத்தேழு வருஷத் தொழில். தேக்கு இழைத்த கைக்கு பால்சா என்கிற இலேசான மெது மரம் புதுசு. முதல் வாரம் நகம் பட்டே இறக்கைக்குள் நிற்கும் விலா மாதிரியான ரிப் நாலு நொறுங்கியது. இப்போது பழகிவிட்டது.

இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிக்கொண்டிருப்பது ரிமோட்டில் பறக்கும் மாடல்: முதல் உலகப் போர் காலத்து பிரிட்டிஷ் இரட்டை இறக்கைச் சண்டை விமானம் எஸ்.இ.5ஏ, அசலில் நான்கில் ஒரு பங்கு. லேசரில் வெட்டிய மரக் கிட். அசல் விமானத்தின் இறக்கை 26 அடி 7 அங்குலம், என்னுடையது 80 அங்குலத்துக்கு இரண்டு நூல் குறைவு. 55 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் ஊற்றாமல் 8 கிலோ 400 கிராம்.

ஸ்பிட்ஃபயர் கட்டு, நாலு பேருக்குத் தெரியும் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு இந்திர லால் ராய்தான். கல்கத்தாக்காரர். 1918 ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 40-ஆம் ஸ்குவாட்ரனில் இதே எஸ்.இ.5ஏ-வை ஓட்டி, இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றி. அதே மாதம் 22-ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது 19. அதற்கு முன் ஒரு விபத்தில் அடிபட்டுத் தேறிக்கொண்டிருந்தபோது விமானங்களாக வரைந்து தள்ளியிருக்கிறார். அந்தப் படங்கள் சில இன்றும் இருக்கின்றன. அடிபட்டுப் படுத்திருந்தபோதும் பையன் வரைந்தது விமானத்தை. அதற்குப் பிறகு வேறு விமானம் கட்ட மனசு வரவில்லை.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். போன ஞாயிறு முதல்முறையாக இறக்கை நான்கையும் மாட்டி, மேல், கீழ் இறக்கைகளுக்கு இடையில் தாங்கும் ஸ்ட்ரட் தண்டுகளை வைத்துப் பார்த்தேன். மூன்று ஸ்ட்ரட் பொருந்தியது. வலப்பக்கம் பின் ஸ்ட்ரட் மட்டும் கீழே 3 மி.மீ. எட்டவில்லை. போல்ட் துளையில் பாதி நிலா மாதிரி வெளிச்சம் தெரிகிறது. கழற்றி, துல்லியமாகச் சமதளமான சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து, உயரம் அளக்கும் ஹைட் கேஜால் அளந்தேன். கீழ் வலது இறக்கையின் நுனியில் பின் விளிம்பு 7 மி.மீ. தொங்குகிறது. அந்த இடத்தில் இறக்கை அகலம் 381 மி.மீ. ஆக ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல்.

காரணம் எனக்கே தெரியும். ஐப்பசி மழையில் இந்த இறக்கைக்கு அடிப்பக்கத் துணி ஒட்டி, இஸ்திரி போட்டு இழுத்தேன். மேல்பக்கத்துக்குத் திருப்புவதற்குள் கரண்ட் போய்விட்டது. மறுநாள் வேலை, அதற்கு மறுநாள் ஒரு கல்யாணம். மூன்றாம் நாள்தான் மேல்துணி. அதுவரை ஒரு பக்கம் மட்டும் விறைத்த துணியோடு சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். வார்ப்பிரும்புக்கு மீட்டருக்கு 10 மி.மீ. சுருக்கம் விட்டுப் பேட்டர்ன் அடிக்கிறவனுக்குத் துணியும் சுருங்கும் என்று உறைக்கவில்லை.

துணியைப் பிரித்து மறுபடி போடவா? இல்லை, ஸ்ட்ரட்டை இழுத்து மாட்டினால் தானாக நேராகிவிடுமா? மேல் வர்ணம்கூட அடித்தாகிவிட்டது. அந்தப் பழுப்பும் பச்சையும் கலந்த, அந்தக் காலத்து பிரிட்டிஷ் விமான வர்ணமான பி.சி.10 நிறம் வருவதற்கு ஐந்து முறை கலந்தேன். பிரிக்க மனசில்லை.

பெட்ரோல்வாசனை

அண்ணா, இழுத்து மாட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன்.

என்னுடையது அதே போர்க் காலத்து இன்னொரு இரட்டை இறக்கை, சோப்வித் பப், இதே நான்கில் ஒரு பங்கு. இடது இறக்கையில் உங்களைப் போலவே நுனியில் பின் விளிம்பு தொங்கல். ரிமோட்டில் சின்னத் திருத்தம் வைக்கும் டிரிம்மில் சமாளித்துக்கொள்ளலாம் என்று பறக்கவிட்டேன். மேலே எல்லாம் ஒழுங்கு, வலப்பக்கம் லேசாக உருண்டது, நாலு கிளிக் டிரிம்மில் நின்றது. ஏமாற்றுவதே இதுதான். தொங்கும் பக்கம் காற்றை அதிகக் கோணத்தில் சந்திக்கிறது, அதனால் வேகம் இருக்கும்வரை அந்தப் பக்கம் தூக்கல் அதிகம். வேகம் குறைந்ததும் முதலில் ஸ்டால் ஆவதும், அதாவது தூக்கலை இழப்பதும், அதே பக்கம்தான். இறங்கும்போது ஓடுபாதைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் இடது இறக்கை திடீரென்று கீழே போனது. நான் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் ஏலரான் (இறக்கையின் பின் விளிம்பில் ஏறி இறங்கும் மடிப்பு) கொடுத்தேன். அதில் இடது ஏலரான் இறங்கி, இன்னும் மோசம். எட்டு மாத வேலை, விறகுக்கட்டு. உங்களுக்கு இது கண்ணாடியில் பார்க்கிற மாதிரி: மேலே இடப்பக்கம் உருளும், இறங்கும்போது வலப்பக்கம் விழும்.

பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒன்று சொல்லுங்கள்: முன் விளிம்பில் மேலும் கீழும் பால்சா ஷீட் போட்டு, இறக்கையின் நீளவாட்டு உத்தரமான ஸ்பாரோடு மூடியிருக்கிறீர்களா, இல்லை ரிப் எல்லாம் திறந்து துணி மட்டும்தானா?

பேட்டர்ன்காரன்_கோவை

திறந்ததுதான் தம்பி. முன் விளிம்பில் மேல்பக்கம் மட்டும் ஓர் ஒல்லி ஷீட். கீழே ஒன்றுமில்லை.

பெட்ரோல்வாசனை

அப்படியானால் தப்பித்தீர்கள். ஸ்பிட்ஃபயர் மாதிரி முழுக்க ஷீட் போட்ட இறக்கை என்றால் அது மூடிய பெட்டி, முறுக்கிய நிலையில் பசை இறுகிவிட்டால் உடைத்துத்தான் திருத்தணும். திறந்த இறக்கையை முறுக்காமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் துணிதான். துணியைச் சொன்னபடி கேட்கவைத்தால் இறக்கையும் கேட்கும்.

வீட்டில் ஒரு ஆளைக் கூப்பிடுங்கள். ஒருவர் இறக்கை உடலோடு சேரும் முனையையும் நுனியையும் பிடித்து எதிர்ப்பக்கம் முறுக்கணும். 7 மி.மீ. எடுக்க 7 முறுக்கினால் போதாது, 20 வரை போங்கள், மரம் திரும்பி வரும். முறுக்கியதும் துணியில் குறுக்காகச் சுருக்கம் விழும். இன்னொருவர் ஹீட் கன்னால் அந்தச் சுருக்கம் போகும்வரை மேலும் கீழும் மாற்றி மாற்றிக் காட்டணும். ஒரே இடத்தில் நிறுத்தினால் வர்ணம் கொப்புளிக்கும், நகர்த்திக்கொண்டே இருங்கள். முக்கியம், ஆறும்வரை கையை விடக்கூடாது. சூட்டில் விட்டால் எல்லாம் பழையபடி. ஒரு நாள் விட்டு அளந்து பாருங்கள், மீதி இருந்தால் மறுபடி.

பழைய_ரிக்கர்

தம்பிகளே, வாசித்துக்கொண்டு வந்தேன், கை சும்மா இருக்கவில்லை.

நான் ஃப்ளையிங் கிளப்பில் புஷ்பக் என்கிற சின்னப் பயிற்சி விமானம் பராமரித்தவன். துணி போர்த்திய இறக்கை, கீழிருந்து தாங்கும் ஸ்ட்ரட். பறந்துவிட்டு வந்த பயிற்சியாளர் “இடப்பக்கம் கனக்கிறது” என்பார். நாங்கள் துணியைத் தொடமாட்டோம். பின் ஸ்ட்ரட்டின் முனையில் புரியோடு இருக்கும் ஃபோர்க்கைக் கழற்றி ஒரு சுற்றோ அரைச்சுற்றோ திருப்புவோம். மறுபடி பறந்து பார்ப்பார். அவ்வளவுதான் வைத்தியம்.

எஸ்.இ.5ஏ-வில் இதை இன்னும் அழகாகச் செய்தார்கள். அந்த விமானத்துக்கு முறுக்குக் கம்பி கிடையாது, காற்றை அறுக்கும் வடிவத்தில் தட்டையான எஃகுக் கம்பி. ஒரு முனையில் இடப்புரி, மறுமுனையில் வலப்புரி. கம்பியையே திருப்பினால் நீளம் மாறும். முன் ஸ்ட்ரட்டுக்கும் பின் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கம்பி போகும் பாருங்கள், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைப் பிடித்து வைப்பது அதுதான். முன் ஸ்ட்ரட்டின் மேல்முனையிலிருந்து பின் ஸ்ட்ரட்டின் கீழ்முனைக்குப் போகிற கம்பியை இறுக்கி, மற்றதைத் தளர்த்தினால் பின் விளிம்பு மேலே வரும். அன்று பிரான்சில் சேற்றில் நின்றுகொண்டு ரிக்கர்கள், அதாவது இறக்கையையும் கம்பியையும் சரிபார்க்கும் தொழிலாளர்கள், செய்த வேலை இது. இந்திர லால் ராய் ஏறும் முன் யாரோ ஒரு ரிக்கர் அந்தக் கம்பியை விரலால் தட்டிப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்.

உங்கள் மாடலில் கம்பி அலங்காரமா, வேலை செய்கிறதா?

பேட்டர்ன்காரன்_கோவை

ஐயா, உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். கிட்டில் வந்தது அலங்காரத்துக்கான இழுபடும் நூல். அதைப் போடவில்லை. சைக்கிள் போக்ஸ் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன், 2 மி.மீ. நிப்பிளோடு. ஒரு சுற்றுக்கு அரை மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக நகர்கிறது. நீங்கள் சொல்வது இதில் நடக்கும் போலிருக்கிறதே!

பெட்ரோல்வாசனை

ஐயா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது.

ஒன்று, ஸ்ட்ரட் மேல் இறக்கையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. கீழே 7 மி.மீ. கோணல், மேலே நேர். கம்பியை இறுக்கினால் கீழ் இறக்கை பாதி திருந்தும், மேல் இறக்கை பாதி கெடும். மொத்தத்தில் வலதும் இடதும் சமமாகலாம், ஆனால் ஒன்றையொன்று எப்போதும் இழுத்துக்கொண்டு நிற்கும். ஐயா சரிசெய்தது இரண்டும் நேராக இருந்த இறக்கைகளின் சின்ன வித்தியாசத்தை.

இரண்டாவது, பலம். 8 கிலோ விமானம் டைவிலிருந்து நாலு ஜியில், அதாவது எடையைப்போல் நாலு மடங்கு விசையில், நிமிர்ந்தால் 32 கிலோ. ஒரு பக்கத்துக்கு 16. கம்பி சாய்வாகப் போவதால் அதில் வரும் இழுவிசை இன்னும் கூட. போக்ஸ் கம்பி அசையாமல் தாங்கும். அது மாட்டியிருக்கும் தகரப் பிடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது? லைட் பிளை என்கிற மெது ஒட்டுப்பலகை என்றால் ஸ்க்ரூ மாவைப் பிடித்த மாதிரி. அந்த இடத்தில் கெட்டியான பிர்ச் பிளை ஒட்டி, போல்ட் போட்டு, பின்பக்கம் வாஷர் வையுங்கள். இறுகின கம்பி தளர்ந்த கம்பியைவிட ஆபத்து, பிடி பிய்ந்தால் காற்றில்தான் பிய்யும்.

பழைய_ரிக்கர்

தம்பி சொல்வது நியாயம். நானும் முழு 7 மி.மீ.யையும் கம்பியில் எடுக்கச் சொல்லவில்லை, அப்படித் தொனித்திருந்தால் என் எழுத்தின் கோளாறு. சூட்டில் முக்கால்வாசி எடுங்கள், ஸ்ட்ரட் கழற்றின நிலையில். மிச்சம் ஒன்று ஒன்றரை மி.மீ.யைக் கம்பிக்கு விடுங்கள். மழைக்காலத்தில் மறுபடி மரம் நகரும், அப்போதும் கம்பி உதவும்.

குட்டிவிமானி

அண்ணா, கேட்கிறேனே என்று நினைக்காதீர்கள். இவ்வளவு பெரிய விமானத்துக்கு லைசென்ஸ் எல்லாம் வேண்டாமா? எங்கே பறக்கவிடுவீர்கள்? நான் இன்னும் தெர்மாக்கோலில்தான் இருக்கிறேன்.

பெட்ரோல்வாசனை

2021 டிரோன் விதிகளில் 25 கிலோவுக்கு மிகாத, பொழுதுபோக்குக்காகக் கண் பார்வைக்குள் பறக்கும் மாடலுக்கு டைப் சர்டிபிகேட் (அந்த விமான வகைக்கான அரசுச் சான்று) தேவையில்லை. ஆனால் இடம் முக்கியம். கோவையில் ஒரு பக்கம் விமான நிலையம், ஒரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். அரசின் டிரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலம் பார்த்துத்தான் போகணும். அண்ணாவுக்கும் ஒரு வார்த்தை: வைகாசிக்கு முன்பே பறக்கவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டால் இந்த மாதிரி இரட்டை இறக்கை பட்டம்தான். அப்புறம், வாலில் உள்ள சுக்கானை, ரட்டரை, மறக்காதீர்கள். ஏலரான் மட்டும் கொடுத்தால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். இறங்கும்போது எஞ்சினை முழுக்கக் குறைக்கவும் கூடாது, இவ்வளவு கம்பியும் ஸ்ட்ரட்டும் பிரேக் மாதிரி பிடிக்கும்.

பேட்டர்ன்காரன்_கோவை

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஒரு அவசர பம்ப் பேட்டர்ன் வந்துவிட்டது.

சனிக்கிழமை ராத்திரி நான் முறுக்க, வீட்டுக்காரம்மா ஹீட் கன் பிடித்தார். “பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட இத்தனை வருஷத்தில் ஒருநாள் வந்திருக்கிறீர்களா” என்று கேட்டுக்கொண்டேதான் பிடித்தார். ஆனால் கை ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஒரு கொப்புளம் இல்லை. 20 மி.மீ. எதிர்ப்பக்கம் முறுக்கியபோது உள்ளே ஒரு சின்ன முனகல் கேட்டது, ரிப் போய்விட்டது என்றே நினைத்தேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்ததில் எல்லாம் முழுசாக இருந்தது. மறுநாள் அளந்தால் 3. ஞாயிறு இரவு மறுபடி. செவ்வாய்க்கிழமை 1.2. அதன் பிறகு நான்கு நாளாக அளக்கிறேன், நகரவில்லை.

பிடிகளின் பின்னால் பிரித்துப் பார்த்தேன். பெட்ரோல்வாசனைத் தம்பி சொன்னதேதான், லைட் பிளை. எட்டு இடத்திலும் 3 மி.மீ. பிர்ச் பிளை ஒட்டி, போல்ட் போட்டு வாஷர் வைத்தாகிவிட்டது. இதனால் 60 கிராம் கூடியது. ஒரு பிடியில் வீட்டுத் தராசைக் கொக்கி மாட்டி 25 கிலோ வரை இழுத்தேன், அசையவில்லை.

நேற்று ஸ்ட்ரட் மாட்டினேன். அந்தப் பின் போல்ட் விரலால் தள்ளியதும் உள்ளே போனது. போக்ஸ் கம்பிகளைப் போட்டு, ஐயா சொன்ன குறுக்குக் கம்பியில் நிப்பிளை இரண்டே சுற்று. வலதும் இடதும் ஹைட் கேஜில் 0.3 மி.மீ.க்குள் நிற்கிறது. கம்பியைத் தட்டினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே சத்தம்.

அடுத்தது, மேல் இறக்கையின்மேல் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியின் மாதிரி வைக்கிற வேலை. அதைத் தேக்கில் கடைந்திருக்கிறேன், கனம் கூடும் என்று தெரிந்துதான்.

பழைய_ரிக்கர்

சந்தோஷம் தம்பி. நிப்பிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய செப்புக் கம்பி சுற்றிப் பூட்டிவிடுங்கள். எஞ்சின் அதிர்வில் அதுவே திரும்பிக்கொள்ளும்.