டிஜிட்டல்8 கெமரா வாங்குவதா, மினிடிவி (MiniDV) கெமரா வாங்குவதா?

அனைவருக்கும் வணக்கம். நான் ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டம் ஒன்றில் வசிக்கிறேன். தாத்தா முன்னின்று நடத்திய காமன் கூத்து 11 ஹை8 (Hi8 எனும் பழைய அனலொக் வீடியோ) கசட்டுகளிலும், அக்காவின் திருமணம் 3 மினிடிவி (சிறிய டிஜிட்டல் வீடியோ) கசட்டுகளிலும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றவும், வரும் மாசியில் கூத்தைப் புதிதாகப் பதியவும் பழைய கெமரா ஒன்று தேவைப்படுகிறது. ஏறத்தாழ ஒரே விலையில் இரு வகையும் கிடைக்கின்றன.

1999இல் சோனி கொண்டுவந்த, ஹை8 கசட்டிலேயே டிஜிட்டலாகப் பதியும் டிஜிட்டல்8உம் மினிடிவியும் வினாடிக்கு ஏறத்தாழ 25 மெகாபிட் வீதத்தில் ஒரே முறையில் பதிவதால், படத்தின் தரம் கெமராவின் லென்ஸையும் சென்சரையும் பொறுத்ததே தவிர, கசட்டின் வகையைப் பொறுத்ததன்று. நமது நாட்டின் பால் (PAL) தொலைக்காட்சி முறையில் 90 நிமிட ஹை8 கசட்டில் டிஜிட்டல்8 60 நிமிடமே பதியும். ஆயினும், சில டிஜிட்டல்8 கெமராக்கள் பழைய ஹை8 பதிவுகளையும் ஓட்டி, ஃபயர்வயர் என்ற இணைப்புக் கம்பி வழியாகக் கணினிக்கு அனுப்பும் என்பதால், என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. அக்காவின் கசட்டுகளுக்கு ஒரு மினிடிவி கெமராவை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

விற்பவரிடம் சோதித்துப் பார்க்கக் கசட் இல்லை. எந்த மாதிரிகள் ஹை8 பதிவை உறுதியாக ஓட்டும் என்பதைப் பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.

இன்னொரு கவலையும் உண்டு. எங்கள் மலை ஈரத்தில், 2 கசட்டுகளின் சுருள் ஓரத்தில் அரிசிமா தூவியதுபோல் வெண்பூஞ்சணம் படிந்துள்ளது. அவற்றை ஓட்டினால் கெமராவின் ஹெட் (கசட்டைப் படிக்கும் பாகம்) கெட்டுவிடும் என்று அஞ்சுகிறேன். கண்டியிலோ நுவரெலியாவிலோ இதைப் பக்குவமாகச் சுத்தம் செய்து தருபவர்கள் இருக்கிறார்களா?