மறு: ஹோமோலோகேஷன் – ‘வகையேற்பு’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

கார் பந்தயத்தின் ‘ஹோமோலோகேஷன்’ (homologation) என்ற சொல்லுக்குத் தமிழில் ‘வகையேற்பு’ என்று வைப்பது பற்றி எழுந்த கேள்விகளுக்கு என் பதில்:

> ‘ஒப்புதல்’ போதுமே. மூலக் கிரேக்கச் சொல்லும் உடன்படுவதைத்தானே குறிக்கிறது?

வேர்ப்பொருள் சரிதான். ஆனால் பந்தயத்தில் அந்தச் சொல் பார்க்கும் வேலை வேறு. ‘இது இத்தனை எண்ணிக்கையில் கட்டப்பட்ட வகையைச் சேர்ந்த கார், ஆகவே இந்தப் பிரிவில் ஓடலாம்’ என்று பன்னாட்டுப் பந்தய அமைப்பு ஏற்றுக்கொள்வதே ஹோமோலோகேஷன். பிரான்ஸின் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் அமெரிக்கக் கார்களின் கதையே பாதி இதைச் சுற்றித்தான் நடந்தது.

1960களின் முற்பகுதியில் ஜிடி (கிராண்ட் டூரிங்) பிரிவில் நுழைய 100 கார் கட்டியிருக்க வேண்டும். ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தமே நாற்பதைத் தொடவில்லை. பழைய 250 ஜிடியின் மாறுவடிவம் என்று கணக்குக் காட்டி உள்ளே வந்தது. அமெரிக்கக் கார் கட்டுநர் கரோல் ஷெல்பியும் அதே வழியைப் பிடித்தார். அவருடைய கூரையில்லாத கோப்ரா கார் ஏற்கெனவே ஏற்கப்பட்ட வகை. அதன் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் பீட் பிராக் வடிவமைத்த மூடிய பாடியை ஏற்றினார்கள். அதுதான் டேடோனா கூபே. கட்டியவை ஆறே ஆறு. ஆனாலும் ஜிடியாகவே ஓடி, 1964 லெ மானில் ஒட்டுமொத்தத்தில் நான்காவதாகவும் பிரிவில் முதலாவதாகவும் வந்தது. அதே ஆண்டு ஃபெராரி தன் 250 எல்எம்மை ஜிடி என்று கொண்டுவந்தபோது, எண்ணிக்கை போதாதென்று மறுத்துவிட்டார்கள். அது எண்ணிக்கை நிபந்தனை இல்லாத புரோட்டோடைப் பிரிவில் ஓடி 1965 லெ மானை வென்றது. ஓட்டிய அணி அமெரிக்க அணி என்பது கூடுதல் சுவை.

இதைவிட நல்ல சான்று ஃபோர்டு ஜிடி40. 1966, 1967 இரண்டிலும் ஃபோர்டின் 7 லிட்டர் கார்கள் வென்றன. 1968 முதல் புரோட்டோடைப்புக்கு 3 லிட்டர் வரம்பு வந்தது. ஆனால் 50 கார் கட்டப்பட்ட வகையென்றால் 5 லிட்டர் வரை போகலாம். ஜிடி40 அந்த எண்ணிக்கையை முன்பே கடந்திருந்தது. சேஸிஸ் எண் 1075 கொண்ட ஒரே கார் 1968, 1969 இரண்டு ஆண்டும் வென்றது. இரண்டாம் முறை, 3 லிட்டர் போர்ஷே 908 நூறு மீட்டர் சொச்சம் பின்னால் வந்து நின்றது. 50 என்பது 25 ஆகக் குறைந்ததும், போர்ஷே தன் ஆலை வாசலில் இருபத்தைந்து 917 கார்களை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னது. எண்ணிப் பார்த்து வகையை ஏற்ற அந்தச் செயலை ‘ஒப்புதல்’ எப்படித் தாங்கும்?

புழங்கிப் பார்க்கவும் வசதியாக இருக்கிறது: வகையேற்பு பெற்ற கார், வகையேற்பு மறுப்பு, வகையேற்புக் காலாவதி.

---

> ‘வகைச்சான்று’ இன்னும் எளிது அல்லவா? ‘ஏற்பு’ கட்சித் தீர்மானம் போல ஒலிக்கிறது.

ஐயா, சான்று என்பது கையில் தரும் தாள். 250 எல்எம்முக்கு மறுக்கப்பட்டது வெறும் தாள் அல்ல, அந்தப் பிரிவில் ஓடும் தகுதியே. தாளுக்குத் தனிப்பெயர் வேண்டுமானால் ‘வகையேற்புச் சான்று’ என்று சேர்த்துக்கொள்ளலாம். ஒலியை விடப் பொருள் பிசகாமல் இருப்பதே எனக்கு முக்கியம்.

வேறு மறுப்பு வராவிட்டால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். புரோட்டோடைப்புக்கு ‘முன்மாதிரி’ பொருந்தாது என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்: அந்தக் காலப் பந்தயத்தில் அது வகையேற்பு தேவைப்படாத காராக இருந்தது, எதற்கும் மாதிரி அல்ல. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.