ஈறு இறங்கிய பல்லுக்கு அறுவை சிகிச்சை: மேலே கோரைப்பல், கீழே முன்பல், எதற்கு எந்த முறை?

கேள்வி: செவ்வந்தி_சேலம்

வணக்கம். அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 36. சர்க்கரை இல்லை, புகையிலைப் பழக்கம் இல்லை. பள்ளியில் படிக்கும்போது பல்லுக்குக் கிளிப் போட்டார். அப்போது கீழ் முன்பற்களின் உட்பக்கம் ஒட்டிய கம்பி இன்னும் இருக்கிறது.

மேல் இடப்பக்கக் கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த பல்லிலும் 3 மி.மீ. வேர் தெரிகிறது. ஈறோரத்தில் நகம் வைத்தால் பள்ளம் தட்டுப்படுகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. கீழே நடு வெட்டுப்பல் ஒன்றில் 5 மி.மீ. இறங்கியிருக்கிறது. உதட்டை இழுத்தால் அங்கே ஈறோரமும் சேர்ந்து அசைகிறது.

பள்ளத்தை சிமென்ட் வைத்து அடைத்தால் போதும் என்கிறார் ஒரு டாக்டர். அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்ட வேண்டும் என்கிறார் இன்னொருவர். மூன்றாவது இடத்தில் பின்ஹோல் செய்யலாம், வெட்டும் இல்லை தையலும் இல்லை என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது? ஈறு பழைய இடத்துக்கே வருமா?

பதில் 1: பெரியோ_மதுரை

எந்த முறை என்பதற்கு முன்னால், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள ஈறையும் அதன் அடியில் உள்ள எலும்பையும் பாருங்கள். வெளியே தெரியும் வேரில் ரத்தக் குழாய் கிடையாது. அதன் மேல் போர்த்தும் சதைக்கு ரத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் வேர்நுனிப் பக்கத்திலிருந்தும்தான் வர வேண்டும். பக்கத்து ஈறு எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அந்த உயரத்துக்குத்தான் வேரை மூட முடியும்.

கைரோ குழு 2011-இல் கொடுத்த வகைப்பாடு இதைத்தான் அளக்கிறது. பல்லிடையில் இழப்பே இல்லையென்றால் ஆர்.டி. 1, முழுதாக மூடும் என்று எதிர்பார்க்கலாம். பல்லிடை இழப்பு இருக்கிறது, ஆனால் முன்பக்க இழப்பைவிடக் கூடுதல் இல்லை என்றால் ஆர்.டி. 2, ஓரளவு மூடும், இழப்பு சிறிதாக இருந்தால் முழுதாகவும் மூடலாம். பல்லிடை இழப்பு முன்பக்கத்தைத் தாண்டிவிட்டால் ஆர்.டி. 3, முழு மூடலை யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. பழைய மில்லர் வகைப்பாட்டை (1985) எழுதித் தருபவர்களும் உண்டு. ஆனால் 2018-இல் வெளியான சர்வதேச வகைப்பாடு கைரோ முறையைத்தான் எடுத்துக்கொண்டது. அக்காவின் அறிக்கையில் ஒவ்வொரு பல்லுக்கும் இந்த எண், ஈறின் தடிமன், கெட்டியான (அசையாமல் ஒட்டி நிற்கும்) ஈறு எத்தனை மி.மீ. மிச்சம் இருக்கிறது, இந்த மூன்றும் இருக்க வேண்டும். தடிமனைக் கண்டுபிடிப்பது எளிது: ஈறோரத்துக்குள் அளவுக்கோலை விடும்போது அது வெளியே நிழலாகத் தெரிந்தால் மெல்லிய ஈறு.

சிமென்ட் பற்றி. அந்தப் பள்ளத்தில் பல் நுனிப் பக்கப் பாதி எனாமல், ஈறுப் பக்கப் பாதி வேர். இரண்டும் சந்திக்கும் கோடு (எனாமல் கோடு) தேய்ந்து போயிருக்கும். முழுப் பள்ளத்தையும் ஈறோரம் வரை அடைத்தால் கூச்சம் நிற்கும், அது உண்மை. ஆனால் ஈறு அடைப்பின் மேல் ஒட்டாது. பின்னால் கிராஃப்ட் (ஒட்டுத் திசு) வைக்க வேண்டுமென்றால் அந்தப் பகுதியைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். சரியான வரிசை இது: ஈறு எந்தக் கோடு வரை வந்து மூடும் என்று முதலில் கணக்கிட வேண்டும் (மறுபக்கக் கோரைப்பல் நன்றாக இருந்தால் அதன் நீளம் உதவும்). பல் நுனிப் பக்கத்திலிருந்து அந்தக் கோடு வரை மட்டும் காம்போசிட் (பல் நிற அடைப்பு) வைத்து வழவழப்பாக்க வேண்டும். மிச்ச வேரை ஈறுக்கு விட்டுவிட வேண்டும். அறுவைக்கு முன்னால் இதைச் செய்தால் டாக்டருக்குத் தையலை நிறுத்தும் இடமும் தெளிவாகத் தெரியும்.

பிரஷ் பழக்கம் மாறாமல் அறுவைக்குப் போக வேண்டாம். வலது கைக்காரர்களுக்கு இடப்பக்கக் கோரைப்பல்லில்தான் குறுக்காகத் தேய்க்கும் அழுத்தம் அதிகம் விழும். பள்ளம் இருப்பதைப் பார்த்தால் மேலே காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பதில் 2: ஆர்த்தோ_திருச்சி

கீழ்ப் பல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தக் கம்பியை முதலில் காட்டுங்கள்.

உட்பக்கம் ஒட்டிய முறுக்குக் கம்பி சில பேருக்கு வருடக்கணக்கில் மெல்ல முறுக்கவிழ்ந்து வேலை செய்யும். கம்பி ஒட்டியபடியேதான் இருக்கும், உடைந்திருக்காது. ஆனால் ஒரே ஒரு பல்லின் வேர் முன்னால் தள்ளப்பட்டு எலும்பை விட்டு வெளியே வரும். வரிசையில் நான்கு பல் சரியாக இருந்து ஒன்றில் மட்டும் ஈறு 5 மி.மீ. இறங்கியிருந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். கண்ணாடியில் மேலிருந்து பாருங்கள்: அந்தப் பல்லின் நுனி உள்ளே சாய்ந்து, வேர் உதட்டுப் பக்கம் மேடாகத் தட்டுப்படுகிறதா? சந்தேகம் இருந்தால் சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) ஸ்கேனில் வேர் எலும்புக்குள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அப்படி இருந்தால் கம்பியைக் கழற்றி, வேரை எலும்புக்குள் திருப்பி, பிறகுதான் கிராஃப்ட். மேடாகத் துருத்தும் வேரின் மேல் சதையை இழுத்துப் போர்த்தினால் அது இறுக்கமாகத்தான் நிற்கும், திரும்பவும் இறங்கிவிடும். வேர் உள்ளே போனதும் சில சமயம் ஈறு கொஞ்சம் தானாகவே தடித்து ஏறும், அறுவையும் சிறிதாகும். கம்பி குற்றவாளி இல்லையென்றால் அதைச் சுற்றிச் சேர்ந்த காறையை எடுத்தாலே போதும்.

பதில் 3: தையல்_7_0

மேல் இரண்டு பல்லுக்கும் ஆர்.டி. 1 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நன்கு நிலைபெற்ற வழி, ஈறை மேலிருந்து விடுவித்துப் பல்லின் நுனிப் பக்கமாக இறக்கித் தைப்பது. அதன் அடியில், ஈறு மெல்லியதாக இருந்தால், அண்ணத்து இணைப்புத் திசு. லாங்கர் என்ற பெயருள்ள இருவர் 1985-இல் எழுதிய அடியொட்டு கிராஃப்ட்டும், சுக்கெல்லி–டி சாங்டிஸ் 2000-இல் பல பற்களுக்கு ஒரே நேரத்தில் செய்ய அமைத்த ஃபிளாப்பும் (விடுவித்து நகர்த்தும் ஈறு மடல்) சேர்ந்ததுதான் இன்று பெரும்பாலோர் செய்வது. அந்த ஃபிளாப்பில் நெட்டுக்குத்து வெட்டுகள் இல்லாததால் பக்கவாட்டு ரத்த ஓட்டமும் அறுபடாது, தழும்பும் தெரியாது.

நடப்பது இப்படி. 2 சதவீத லிக்னோகெய்னுடன் 1:80,000 அட்ரினலின் போட்டு மரத்துப்போக வைப்பார்கள். வேரைக் கையால் சுரண்டிச் சுத்தம் செய்து, 24 சதவீத ஈ.டி.டி.ஏ. ஜெல் 2 நிமிடம் வைத்துக் கழுவுவது பல டாக்டர்களின் வழக்கம். பல்லிடையில் சாய்வு வெட்டுகள் போட்டு, அங்கே மெல்லிய அடுக்காகவும், வேருக்கு நேரே எலும்பு உறையோடு முழுத் தடிமனாகவும், அதைத் தாண்டி மறுபடி மெல்லிய அடுக்காகவும் பிரிப்பார்கள். வேரின் மேல் வந்து உட்காரும் பகுதி தடிமனாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மூன்று விதம். இத்தாலியில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் ஃபிளாப் 0.8 மி.மீ.க்கு மேல் தடித்திருந்த பற்களில்தான் முழு மூடல் கிடைத்தது.

அதன் பிறகு வருவதுதான் கைத்திறன்: உதட்டுத் தசையின் பிடியைக் கத்தியால் விடுவிப்பது. ஒரு வெட்டு எலும்புக்கு இணையாக, இன்னொன்று மேல்தோலுக்கு இணையாக. கையை எடுத்தாலும் ஃபிளாப் தானாக எனாமல் கோட்டைத் தாண்டி 1 முதல் 2 மி.மீ. போய் நிற்க வேண்டும். உதட்டை அசைத்தும் நகரக் கூடாது. தையல் போட்டு இழுத்துத்தான் அங்கே நிற்கிறது என்றால் அது தோற்கப் போகும் அறுவை. வீக்கம் வந்ததும் நூல் சதையைக் கிழித்துக்கொண்டு இறங்கும். முதல் சில நாட்களில் ஓரம் பிரிந்து வேர் எட்டிப் பார்ப்பதற்கு இந்த இறுக்கம் முக்கியமான காரணம்.

அண்ணத்துத் திசு கோரைப்பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில், பல்லோரத்துக்குச் சற்று உள்ளே எடுப்பார்கள். 1 முதல் 1.5 மி.மீ. தடிமன் போதும். மேல்தோலோடு எடுத்து, வெளியே வைத்து மேல்தோலைச் சீவிவிட்டால் கிடைப்பது கெட்டியான, பின்னால் அதிகம் சுருங்காத திசு. ஆழமாகத் தோண்டினால் கொழுப்பும் சுரப்பிகளும்தான் வரும். அண்ணத்து ரத்தக் குழாய் பல்லின் எனாமல் கோட்டிலிருந்து சராசரி உயர அண்ணத்தில் சுமார் 12 மி.மீ., தட்டையான அண்ணத்தில் 7 மி.மீ., உயரமானதில் 17 மி.மீ. தள்ளி ஓடுகிறது. தட்டை அண்ணக்காரர்களுக்குச் சிறிய துண்டோடு நிறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

நூல் 6-0 அல்லது 7-0, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியுடன். பார்வைக்கு வசதி என்பதையும் தாண்டிய லாபம் இதில் உண்டு. பர்க்ஹார்ட்–லாங் 2005-இல் 10 பேருக்கு இரண்டு மேல் கோரைப்பல்லிலும், ஒரு பக்கம் நுண்ணறுவையாகவும் மறுபக்கம் வழக்கமான கருவிகளாலும் செய்து பார்த்தார்கள். நுண்ணறுவைப் பக்கம் ரத்த ஓட்டம் வேகமாகத் திரும்பியது. வேர் மூடியது சராசரி 99 சதவீதம், மறுபக்கம் 91. ஆள் எண்ணிக்கை சிறிது, ஆனால் ஒரே வாயில் ஒப்பிட்டது என்பதால் நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

செவ்வந்தி_சேலம்

நன்றி டாக்டர். கீழ்ப் பல்லுக்கும் இதே ஃபிளாப்தானா? அண்ணத்தில் கை வைக்காமல் முடியாதா? அக்கா அதற்குத்தான் பயப்படுகிறார்.

பதில் 4: பெரியோ_மதுரை

கீழ் நடுப்பல்லில் இதே ஃபிளாப் போட நான் தயங்குவேன். அங்கே உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஆழமே குறைவு. நடுவில் இழுக்கும் மடிப்பு. கெட்டி ஈறே இல்லை. அசையும் மென்சதையை மேலே ஏற்றினால் உதட்டின் ஒவ்வொரு அசைவும் அதைக் கீழே இழுக்கும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, அண்ணத்துத் துண்டை மேல்தோலோடு அப்படியே வைத்துத் தைப்பது. 1963-லிருந்து பழக்கத்தில் உள்ள முறை. மடிப்பின் பிடியும் அறுபடும், கெட்டி ஈறும் கிடைக்கும். குறை என்னவென்றால், நிறம் பொருந்தாமல் வெளிறிய திட்டாக நிற்கும், பரப்பில் கால்பங்குக்கு மேல் சுருங்கவும் கூடும், 5 மி.மீ. வேரை அது மட்டுமே முழுதாக மூடும் என்று சொல்ல முடியாது. வேருக்கு மேல் இருக்கும் பகுதிக்கு அடியில் ரத்தம் இல்லையே. அதனால் துண்டு வேரைவிட இரு பக்கமும் தாராளமாக அகன்று எலும்பு உறையின் மேல் படிய வேண்டும். தைத்ததும் ஈரத் துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பதும் சடங்குக்காக அல்ல. துண்டுக்கும் படுகைக்கும் நடுவில் ரத்தக்கட்டு தடித்தால், முதல் இரண்டு நாள் கசிவை மட்டுமே உறிஞ்சி வாழ வேண்டிய திசு பட்டினி கிடந்து வெளுத்து உரியும்.

மற்றொன்று, ஸ்குலியன்–ஆலன் 2018-இல் எழுதிய பக்கவாட்டில் மூடும் சுரங்க முறை. தனியாக ஆழ இறங்கிய கீழ்ப் பல்லுக்கென்றே வந்தது. ஈறோரம் வழியாகவே உள்ளே குடைந்து விடுவித்து, இணைப்புத் திசுவை உள்ளே செருகி, இரு பக்கச் சதையையும் நடுவுக்கு இழுத்துத் தைப்பது. நிறம் பொருந்தும். பல்லிடை ஈறு வெட்டுப்படாது. கை பழகிய டாக்டர் கிடைத்தால், பக்கத்தில் ஓரளவு ஈறும் இருந்தால், அக்காவுக்கு நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன். இது இல்லாவிட்டால் முதல் வழியே போதும். கீழே அழகைவிட, இறக்கம் நிற்பதும் பிரஷ் வைக்க முடிவதும்தான் தேவை.

பின்ஹோல் பற்றி. கலிஃபோர்னியாவின் ஜான் சாவ் என்ற பல் டாக்டர் 2012-இல் வெளியிட்டது. மேலே மென்சதையில் சிறு துளை போட்டு, அதன் வழியாக ஈறை விடுவித்து இறக்கி, பல்லிடையில் கொலாஜன் துண்டுகளைத் திணித்து நிறுத்துவது. அந்த முதல் அறிக்கையில் 43 பேர், 121 இடங்கள், சராசரி 18 மாதம். முடிவு நன்றாகவே இருந்தது. ஆனால் ஒப்பிட வேறு குழு இல்லை. மேல் வரிசையில் பல பற்கள், ஈறு தடிமன், ஆர்.டி. 1 என்றால் நியாயமான தேர்வு. மெல்லிய ஈறில் திசு சேர்க்காமல் இடம் மாற்றினால், மெல்லிய ஈறே வேறு இடத்தில் நிற்கும். அக்காவின் கீழ்ப் பல்லுக்கு இது வேண்டாம்.

அண்ணத்துக்குப் பதிலாகப் பன்றிக் கொலாஜன் பஞ்சும், பதப்படுத்திய மனிதத் தோல் திசுவும், எம்டோகெய்ன் என்ற எனாமல் புரத ஜெல்லும், சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.எஃப். படலமும் இருக்கின்றன. வெறும் ஃபிளாப்பைவிட இவற்றில் சில கூடுதல் பலன் தரும். ஆனால் 48 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 காக்ரேன் மதிப்பாய்வில், வேர் மூடுவதோடு கெட்டி ஈறும் கூட வேண்டும் என்றால் அண்ணத்து இணைப்புத் திசுதான் முன்னால் நின்றது. மேல் இரண்டு பல்லில் ஈறு தடிமனாக இருந்தால் அண்ணத்தைத் தொடாமலே முடிக்கலாம். கீழே எடுக்கத்தான் வேண்டும். அண்ணத்துக் காயத்தின் மேல் கொலாஜன் பஞ்சு வைத்து சயனோஅக்ரிலேட் பசை பூசினால் வலி வெகுவாகக் குறைகிறது. முன்கூட்டியே அச்செடுத்துச் செய்த பிளாஸ்டிக் தட்டு இருந்தால் சாப்பிடும்போதும் உறுத்தாது. இதைக் கேட்டு வாங்குங்கள்.

பதில் 5: வார்டு_சிஸ்டர்_நெல்லை

அறுவைக்குப் பிறகு வீட்டில் நடப்பதை யாரும் எழுதவில்லையே. பாதி வெற்றி அங்கேதான் இருக்கிறது.

உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் பார்க்கவே கூடாது. சொந்தக்காரர்கள் கேட்டாலும் காட்டக் கூடாது. இரண்டு வாரம் அந்த இடத்தில் பிரஷ் கிடையாது. மற்ற பற்களை வழக்கம்போலத் துலக்கலாம். குளோர்ஹெக்சிடின் 0.12 அல்லது 0.2 சதவீதம், காலை இரவு ஒரு நிமிடம். வேகமாகக் கொப்பளிக்காமல், தலையைச் சாய்த்து வாயில் தேக்கி, தானாக வழிய விடுங்கள். பேஸ்ட் போட்டுத் துலக்கியவுடன் இதை ஊற்றினால் வேலை செய்யாது, அரை மணி நேரம் விடுங்கள். பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும். பிறகு டாக்டர் எடுத்துவிடுவார்.

அண்ணத்தில் ரத்தம் கசிந்தால் துப்பித் துப்பிக் கொப்பளிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கட்டிய ரத்தம் கழன்று மறுபடி வழியும். நனைத்த சுத்தமான துணியை மடித்து விரலால் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்கவில்லையென்றால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை அறுவைக்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

முதல் இரண்டு நாள் ஆறிய கஞ்சி, மோர், குழைந்த தயிர்சாதம், இட்லியை மசித்து. முறுக்கு, வேர்க்கடலை, சூடான ரசம் வேண்டாம். உறிஞ்சுகுழல் வேண்டாம்.

மேல்தோலோடு வைத்த துண்டு முதல் வாரம் வெள்ளையாகத் தெரியும், மேற்படலம் உரியும். அழுகிவிட்டது என்று பயந்து சுரண்டாதீர்கள். துண்டு முழுவதும் அசைந்தாலோ, நாற்றத்தோடு வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ போய்க் காட்டுங்கள். தையல் பொதுவாக 14-ஆம் நாள் பிரிப்பார்கள். அதன் பின் மிக மென்மையான பிரஷ்ஷால் ஈறிலிருந்து பல் நுனி நோக்கி ஒரே திசையில் உருட்டித் துலக்கத் தொடங்கலாம்.

செவ்வந்தி_சேலம்

சிஸ்டர், மிக்க நன்றி. இரண்டு இடத்தையும் ஒரே நாளில் செய்துகொள்ளலாமா?

பதில் 6: தையல்_7_0

மேலே ஒருநாள், கீழே ஒருநாள் என்று பிரிப்பது நல்லது. ஒரே நாளில் செய்தால் மென்று சாப்பிடவும் சுத்தம் செய்யவும் வலப்பக்கம் மட்டும்தான் மிஞ்சும். முன்பல்லால் கடிக்கவும் முடியாது. கம்பி சந்தேகம் தீரும் வரை கீழ்ப் பல்லுக்குத் தேதி குறிக்க வேண்டாம். அதுவரை மேல் வேலையை முடித்துக்கொள்ளலாம். முடிவை ஒரு மாதத்தில் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். வீக்கம் வடிந்து ஈறோரம் நிலைக்க 6 மாதம் ஆகும். மேல்தோலோடு வைத்த கிராஃப்ட்டில் ஓராண்டு வரைகூட ஈறு தானாக மெல்ல ஊர்ந்து ஏறி, சுமார் 1 மி.மீ. மீட்பதுண்டு. அறுவைக்கு முந்தைய போட்டோவையும் மி.மீ. அளவுகளையும் டாக்டரிடம் கேட்டு இப்போதே வாங்கி வையுங்கள்.