தம்பியின் பெறுபேறும் எங்கள் குடும்பக் குழுவும்

அத்தை (பொகவந்தலாவை): உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. என் மகன் தம்பிக்குக் கணிதப் பிரிவின் மூன்று பாடங்களிலும் சாதாரண சித்திதான். காலையிலிருந்து அவன் யாருடனும் பேசவில்லை.

சித்தப்பா (கொழும்பு): கலங்காதீர்கள் அக்கா. நான் வேலை பார்க்கும் தெருவில் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் முதலாளிகளாக இருக்கிறார்கள். பட்டதாரிகள் அவர்களிடம் கணக்கெழுதுகிறார்கள். பரீட்சைக்கும் வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லை என்று மருமகனிடம் சொல்லுங்கள்.

பெரியப்பா (ஹற்றன்): தம்பி, ஆறுதலுக்காகக் கூட அப்படிச் சொல்லாதே. அந்த முதலாளிகளில் பலருக்குத் தகப்பன் விட்டுச்சென்ற கடையோ காணியோ இருந்திருக்கும். 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, குடியிருந்த லயத்துக் காம்பராவும் (வரிசை வீட்டு அறையும்) தோட்டத்துக்கே சொந்தம் என்று வாழ்ந்த மலையகத் தமிழரான நமக்கு என்ன இருந்தது? 1980களில் சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளைக் காட்டித்தான் நான் ஆசிரியர் நியமனம் பெற்றேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். நான் கொப்பியில் எழுதி விடை காண்பதற்குள் அவன் வாயால் சொல்லிவிடுவான். ஒரே ஒரு பாடத்தில் தவறியதால் அவனுக்கு நியமனம் கிடைக்கவில்லை. அடுத்த மாதமே தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து மலைக்கு மருந்தடிக்கப் போனான். இன்று எனக்கு ஓய்வூதியம் வருகிறது, அவனுக்கு இருமல் மிஞ்சியிருக்கிறது. இதைப் பார்த்த பிறகு, சம்பந்தமே இல்லை என்று எந்தப் பிள்ளையிடமும் என்னால் சொல்ல முடியாது.

நான் (பேராதனை): பெரியப்பா சொல்வது வாசலைப் பற்றியது, வாசலைக் கடந்த பிறகு நடப்பது வேறு. ஷ்மிட், ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் எத்தனை ஆண்டுகள் படித்தார் என்பதற்கும் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பதற்கும் உள்ள தொடர்பை 0.10 என்றே கணித்தார்கள். முழுப் பொருத்தம் என்றால் 1 வரவேண்டும். அந்த வேலையையே செய்து காட்டச் சொல்லும் சோதனைக்கு 0.54 கிடைத்தது. 2022இல் வேறு ஆய்வாளர்கள் திருத்திக் கணக்கிட்டபோது அது 0.33 ஆகக் குறைந்தாலும், படித்த ஆண்டுகளைவிட மேலாகவே நிற்கிறது.

சித்தப்பா (கொழும்பு): அப்படியானால் நான் சொன்னது சரிதானே?

நான் (பேராதனை): பாதிதான் சரி சித்தப்பா. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் வேலையில் சேர்ந்துவிட்டவர்களை அளக்கின்றன. தேயிலையைச் சலித்துப் பிரித்த பின் ஒரே தரத்துத் தூளுக்குள் அளவு வித்தியாசம் தேடினால் சிறிதளவே தென்படும். சல்லடை வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருளாகாது.

பெரியப்பா (ஹற்றன்): நல்ல விளக்கம் மகள். அந்தச் சல்லடையும் எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதால்தானே பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்து, ரியூசனுக்குப் பஸ் ஏறிப்போய் எடுத்த சாதாரண சித்தியை நான் அலட்சியமாகப் பார்க்கமாட்டேன்.

அத்தை (பொகவந்தலாவை): அண்ணா, ஒன்றைச் சொல்ல வேண்டும். போன விடுமுறையில் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டுக்குக் காற்றுத் தரும் பெரிய விசிறியின் மோட்டார் நின்றபோது, இவர் பழுது பார்க்கத் தம்பியையும் அழைத்துப் போனார். பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்ட தம்பி, கரண்டில் குறையில்லை, பேரிங் தேய்ந்திருக்கிறது என்றானாம். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருந்ததாம்.

நான் (பேராதனை): அத்தை, செய்து காட்டும் சோதனை என்று நான் சொன்னது இதைத்தான். மின் வேலைக்கான என்விகியூ (தேசிய தொழிற் தகைமை) பயிற்சியில் அவன் சேரலாம். அதன் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம் என்பதால் மேலே படிக்கவும் வழி உண்டு.

பெரியப்பா (ஹற்றன்): சேரட்டும், ஆனால் உயர்தரத்தையும் கைவிட வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை வரை பரீட்சை எழுதலாம், அவன் ஒரு தடவைதான் எழுதியிருக்கிறான். இணைந்த கணிதத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

சித்தப்பா (கொழும்பு): பயிற்சிக் கட்டணம் இருந்தால் என் பொறுப்பு அக்கா. ஆனால் அவனைக் கேட்காமல் நாமே முடிவு செய்வது நியாயமில்லை.

அத்தை (பொகவந்தலாவை): இப்போதுதான் அவன் சாப்பிட வந்திருக்கிறான். நீங்கள் எழுதியதையெல்லாம் வாசிக்கக் கொடுத்திருக்கிறேன். விண்ணப்பம் எங்கே எடுப்பது என்று கேட்கிறான்.