நாங்கள் போகாமல் 2 ரேக் செட்டப்: ஒர்க் ஆர்டரில் என்ன எழுதணும்?

கோவை_அட்மின்
டீம் கோவையில், டேட்டா சென்டர் சென்னை அம்பத்தூரில். 42யூ ரேக் 2 (யூ என்பது ரேக்கின் உயர அலகு); ஒவ்வொன்றிலும் 2யூ சர்வர் 8 (தலா 500 வாட்), 10ஜி சுவிட்ச் 2 (தலா 250 வாட்). ரேக்குக்கு ஏ, பி என 2 ஃபீடு (தனித்தனி மின் இணைப்பு), இரண்டுமே 230 வோல்ட், 32 ஆம்பியர். மாட்டுவது முதல் பவர் ஆன் வரை அங்கிருக்கும் டெக்னீஷியன்களிடம் தேதி குறித்துக் கொடுக்கிறோம். எதெல்லாம் விட்டுப்போகும்?

ரேக்மேன்
டெக்னீஷியன் உங்களுக்கு ஒரு ஃபோன்கூடப் போடாமல் முடிக்கிற மாதிரி எழுதுங்க. சீரியல் நம்பர், ரேக், கீழிருந்து எண்ணிய யூ நம்பர், மூன்றும் வேண்டும். கேபிளுக்குத் தனி ஷீட், ஒரு கேபிளுக்கு ஒரு வரி: இரு முனை போர்ட், நீளம், லேபிளில் வர வேண்டிய எழுத்து. சர்வருக்கு பவர் 2, ஃபைபர் 2, மேனேஜ்மென்ட் (தொலைவிலிருந்து கையாள) 1 என்றாலே ரேக்குக்கு 40 வரி.

சுவிட்ச் வாங்கும்போதே காற்றோட்டத் திசையைப் பாருங்க. போர்ட் பக்கம் சர்வரின் பின்புறத்தோடு ஹாட் ஐலில்தான் (சுடுகாற்று வெளியேறும் பக்கம்) இருக்கும். அதனால் ஃபேனும் பவர் சப்ளையும் போர்ட் பக்கமாகக் காற்றை வெளியே தள்ளும் வகையாக இருக்கணும். மாறி வந்தால் சுடுகாற்றை உறிஞ்சி டெம்பரேச்சர் அலாரம் அடிக்கும். இதை அந்த இடத்தில் யாராலும் சரிசெய்ய முடியாது, வேறு பாகம் வரணும்.

பெட்டிகளின் டிராக்கிங் நம்பரை முன்கூட்டியே டிக்கெட்டில் (டேட்டா சென்டருக்குப் போடும் கோரிக்கை) போடுங்க. அட்டைப்பெட்டியை ஹாலுக்குள் விடமாட்டார்கள், வெளியிலேயே பிரிக்க நேரம் ஒதுக்குங்க. எம்6 கேஜ் நட் (ரேக்கில் திருகு பிடிக்க மாட்டும் நட்) 20 கூடுதலாக அனுப்புங்க.

பவர்_கணக்கு
உங்கள் ரேக் 4.5 கிலோவாட். ஏ போனால் பி தனியாக சுமார் 20 ஆம்பியர் தாங்கணும், தாங்கும். பின்னாளில் சர்வரை 14 ஆக்கினால் 7.5 கிலோவாட். அப்போதும் ஒவ்வொரு ஃபீடும் 16 ஆம்பியர்தான் காட்டும், பாதி காலி என்று தோன்றும். ஆனால் ஒன்று விழுந்த நொடியில் மற்றது 32-ஐத் தாண்டிவிடும். பிரேக்கர் விழுந்தால் மொத்த ரேக்கும் போச்சு.

இன்னொன்று, ஒரே சர்வரின் இரண்டு பவர் கார்டையும் ஒரே பிடியூவில் (ஃபீடு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பிளக் பட்டை) செருகிவிடுவது. சாதாரண நாளில் தெரியவே தெரியாது. அதனால் இந்த வரியைக் கட்டாயம் எழுதுங்க: "ஏ பிடியூவை 5 நிமிடம் அணைக்கவும். எதுவும் நிற்கவில்லை என்று உறுதிசெய்து மறுபடி போடவும். ஏ பக்க பவர் சப்ளை எல்லாவற்றிலும் பச்சை விளக்கு வந்த பிறகே பி." டேட்டா ஏற்றுவதற்கு முன் செய்தால்தான் பயன்.

ஃபைபர்_கண்
புது பேட்ச் கார்டையும் (ஃபைபர் இணைப்பு கேபிள்) துடைத்துவிட்டே செருகச் சொல்லுங்க, மூடியிலேயே தூசி இருக்கும். லிங்க் வரவே இல்லையென்றால் முதலில் ஒரு முனையில் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிப் பார்க்கணும். லிங்க் வந்தும் எரர் ஏறினால் ரிசீவ் பவரை (வந்து சேரும் ஒளியின் அளவு) பாருங்க. 10ஜி எஸ்ஆரில் (குறுகிய தூர ஃபைபர் மாட்யூல்) மைனஸ் 9.9 டிபிஎம் கடைசி எல்லை. மாட்யூல் காட்டும் எண் அவ்வளவு துல்லியம் இல்லை, அதனால் பக்கத்து லிங்க்குகளோடு ஒப்பிடுங்க; 3 டிபி குறைவாக இருந்தால் பெரும்பாலும் அழுக்குதான்.

கோவை_அட்மின்
நன்றி. எத்தனை மணி நேரம் புக் செய்யலாம்?

ரேக்மேன்
2 பேர், சர்வருக்கு அரை மணி என்று வைத்தால் 16-க்கு 8 மணி. சுவிட்ச், பிடியூ சோதனை, போட்டோ எல்லாம் சேர்த்து 2 நாளாகப் போடுங்க. இரண்டாம் நாள் முழுக்க உங்கள் ஆள் ஒருவர் கன்சோலில் இருக்கணும்.