தடையைத் தாண்டிய விலை நிலைக்குமா?

குரோம்பேட்டை வாசகர்:
வணக்கம். பல வாரங்களாக ஒரே விலையில் முட்டித் திரும்பிய மிட்கேப் (நடுத்தர அளவு நிறுவன) பங்கு ஒன்று நேற்று அதைத் தாண்டி முடிந்தது. வால்யூமும் (அன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) இருபது நாள் சராசரியைப் போல இரு மடங்கு. இந்த ஏற்றம் தொடரும் என்று நம்பலாமா?

மாம்பலம் முதலீட்டாளர்:
இரு மடங்கு என்பது மட்டும் போதாது, ஐயா. அது எந்த நேரத்தில் வந்தது என்று பதினைந்து நிமிடச் சார்ட்டில் பாருங்கள். காலை 9.15-க்குச் சந்தை திறந்த அரை மணியிலேயே குவிந்து, பிறகு வற்றியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான். தேசியப் பங்குச் சந்தை அன்றாடம் வெளியிடும் டெலிவரி சதவீதத்தையும் (கைமாறியதில் அன்றே விற்கப்படாமல் வாங்கியவர் கணக்குக்குச் சென்ற பங்கு) அந்த நிறுவனப் பங்கின் வழக்கமான அளவோடு ஒப்பிடுங்கள். வால்யூம் கூடி டெலிவரி சதவீதம் சரிந்திருந்தால், கூடியதில் பெரும்பகுதி அன்றே வாங்கி அன்றே விற்றதாக இருக்கலாம்.

பெரம்பூர் வாசகர்:
ஒரு விதிவிலக்கு உண்டு. மார்ச், செப்டம்பர் இறுதியில் நிஃப்டி குறியீடுகள் மாற்றியமைக்கப்படும்போது, குறியீட்டை அப்படியே பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டுகள் புதிதாகச் சேரும் பங்கை வாங்கியே ஆக வேண்டியிருப்பதால் டெலிவரியும் உயரும். அதை நம்பிக்கையின் அடையாளமாகக் கொள்ள முடியாது.

மயிலாப்பூர் வாசகர்:
பங்கேற்பையும், அதாவது எத்தனை பங்குகள் சேர்ந்து ஏறின என்பதையும், பாருங்கள். நிஃப்டி 50 ஃப்ரீ ஃப்ளோட் (நிறுவனர்களிடம் இல்லாமல் சந்தையில் புழங்கும் பங்குகளின்) சந்தை மதிப்பின்படி கணக்கிடப்படுவதால், சில பெரிய பங்குகளே குறியீட்டை உயர்த்திவிடும். ஏறியவற்றைவிட இறங்கிய பங்குகள் அதிகமான நாளில் அது தேரை நான்கு பேர் மட்டும் இழுப்பது போலத்தான். உங்கள் பங்கின் துறையில் மற்றவையும் ஏறினவா?

குரோம்பேட்டை வாசகர்:
பார்த்தேன். டெலிவரி குறைவு, துறையில் மற்றவை அசையவில்லை. விலை பழைய தடைக்கு இறங்கி வரும்போது விற்பனை வால்யூம் வற்றுகிறதா என்று பார்த்த பிறகே வாங்குவேன்.